வீசா இருந்தும் திறவாத வாயில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்திலே, அயல்நாட்டோடு எவ்விதத் தொடர்புமில்லாத குடும்பங்கள் இக்காலத்தில் மிகச் சிலவே. ஒரு வீட்டு மகன் கட்டாரில் கட்டடத் தொழில் புரிகின்றான். அடுத்த வீட்டு மகள் குவைத்தில் வீட்டுப்பணி செய்கின்றாள். வேறொரு வீட்டின் தாய்மாமன் ரொறன்ரோவில் வாழ்கின்றார். இத்தகைய வீடுகளிலே காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் சேர்த்துப் பத்திரமாகப் பேணப்படும் பொருள் கடவுச்சீட்டாகும். அதிலுள்ள வீசா முடிவடையும் திகதிவரையும் அந்நாட்டின் வாயில் தமக்குத் திறந்தேயிருக்கும் என்பது பொதுமக்களின் நம்பிக்கை.

அந்நம்பிக்கை முற்றும் சரியானதன்று என்பதை 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் உணர்த்திற்று. இரண்டு கிழமை விடுமுறையில் ஊருக்கு வந்தவர்கள், செல்லுபடியாகும் வீசாவைக் கையில் வைத்துக்கொண்டே மாதக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. அவர்களது வேலை அங்கே இருந்தது. கடன் இங்கே இருந்தது. இடையில் வாயில் அடைபட்டிருந்தது. இது ஏன் நிகழ்ந்தது, சட்டம் இதைப்பற்றி என்ன கூறுகின்றது, இனியொருமுறை இவ்வாறு நேருமாயின் ஒரு குடும்பம் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்பவற்றைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடைத்து.

முதலில், வீசா என்பது யாது? வீசா என்பது ஒரு நாட்டின் வாயிலுக்குச் சென்று நுழைவு கோருவதற்கு அந்நாடு முன்கூட்டியே அளிக்கும் இசைவாகும். அது உரிமையன்று. வாயிலில் நிற்கும் குடிவரவு அதிகாரி, வீசா உள்ளவரையும் தக்க காரணங்காட்டி மறுக்கலாம். அதை வழங்கிய அரசு, ஒரே கட்டளையினால் அத்தகைய வீசாக்கள் அனைத்தையும் சிறிது காலத்துக்கு நிறுத்திவைக்கவும் செய்யலாம். முதலாவது உலக யுத்தம் 1914இல் மூண்டபோதே கடவுச்சீட்டும் வீசாவும் உலகெங்கும் கட்டாயமாகத் தொடங்கின. இலங்கையில் இவ்விடயத்தை ஆளுவது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டமாகும்.

வீசா இசைவு மாத்திரமாயின், உரிமை எங்கேயுள்ளது? அது குடியுரிமையில் உள்ளது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் உறுப்புரை, எந்த நாட்டிலிருந்தும் வெளியேறவும் தன் நாட்டுக்குத் திரும்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு என்கின்றது. பிறநாட்டுக்குள் நுழையும் உரிமையைப்பற்றி அது பேசவில்லை. இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சருவதேசப் பொருத்தனையின் 12ஆம் உறுப்புரையும், தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமை எவரிடமிருந்தும் எதேச்சையாகப் பறிக்கப்படலாகாது என்றே வரையறுக்கின்றது. இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலும், இலங்கைக்குத் திரும்பிவரும் சுதந்திரம் குடிமக்களுக்கு உரியதாக எழுதப்பட்டுள்ளது. ஆகவே, வாயில் மூடப்படும் வேளையில் முதலிற் கேட்கப்படும் வினா, "உம்மிடம் வீசா உண்டா?" என்பதன்று, "நீர் எந்நாட்டுக் குடிமகன்?" என்பதே.

இனி, நடந்தவற்றைக் காலவரிசையிற் காண்போம். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சு 11ஆம் திகதி கொவிட் நோயைப் பெருந்தொற்றென விவரித்தது. அடுத்த பத்து நாட்களுக்குள் உலகின் வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. கனடா மார்ச்சு 18ஆம் திகதியும், ஐக்கிய அரபு அமீரகம் 19ஆம் திகதியும், அவுஸ்திரேலியா 20ஆம் திகதியும் தத்தம் தடைகளை நடைமுறைப்படுத்தின. இலங்கையும் மார்ச்சு 19ஆம் திகதி வருகைதரும் பயணிகளுக்குத் தன் விமான நிலையங்களை மூடியது. மறுநாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. வடபகுதி மக்களுக்கு மிக அண்மையிலிருந்த வாயில் பலாலி விமான நிலையமாகும். 2019 ஒற்றோபரில் சருவதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டுச் சென்னையுடன் இணைக்கப்பட்ட அது, சில மாத காலமே இயங்கிய நிலையில் நின்றுபோயிற்று. அங்கே சென்னைச் சேவை மீண்டும் தொடங்கியது 2022 டிசம்பரிலேயே.

வளைகுடா நாடுகளின் நடைமுறையை அறிந்தால் வன்னித் தொழிலாளரின் இடர் தெளிவாகும். அந்நாடுகளில் வேலை செய்வோரிடம் இருப்பது தங்குரிமை வீசா. அதனுள்ளே இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, வீசா முடிவடையும் திகதி. மற்றையது, நாட்டுக்கு வெளியே தங்கக்கூடிய காலம். அமீரகத்திலும் கட்டாரிலும் ஆறு மாதங்களுக்கு மேலாக வெளியே தங்குபவரின் உரிமை, வீசாவில் இரண்டாண்டு எஞ்சியிருந்தாலும், பொதுவாக இழக்கப்படும். சவூதி அரேபியாவிலோ, வெளியேறி மீளும் அனுமதிக்கு வேறாக ஒரு திகதி உண்டு. அத்திகதிக்குள் திரும்பாதவர் மீண்டும் வேலைக்கு வருவதற்குத் தடை விதிக்கப்படலாம் என்ற நிலை அக்காலத்தில் இருந்தது. சாதாரண காலத்தில் இக்கடிகாரங்களைப் பலர் கவனிப்பதில்லை. வாயில் மூடியபின்னர் ஒவ்வொரு நாளும் அவற்றின் ஓசை கேட்டது.

அரசுகள் இதனை முற்றாக மறந்துவிடவில்லை. சவூதி அரேபியா, பயணத்தடைக்கு உட்பட்ட நாடுகளிற் சிக்கியவர்களின் தங்குரிமையையும் மீள்வருகை அனுமதியையும் 2021இற் பலமுறை கட்டணமின்றி நீடித்தது. கட்டார், வெளியே நின்ற தங்குரிமையாளருக்கு விசேட நுழைவனுமதி முறையொன்றை 2020 ஆகஸ்டு முதல் நடைமுறைப்படுத்தியது. அமீரகம், தன் நாட்டிற் குடும்பத்தை விட்டுவந்தோரை 2020 யூன் முதலாந் திகதியிலிருந்து முதலில் அனுமதித்தது. ஆயினும் ஒரு வாயில் திறந்ததும் வேறொன்று மூடியது. குவைத்து 2020 ஆகஸ்டிலே தன் விமான நிலையத்தைத் திறந்தபோது, இலங்கை உள்ளிட்ட பல நாடுகளிலிருந்து நேரே வருவதைத் தடுத்தது. தடைப்பட்டியலில் இல்லாத மூன்றாவது நாடொன்றில் 14 நாட்கள் தங்கியபின் வருவோர் ஏற்கப்பட்டனர். செல்வமுடையார் அவ்வாறு தங்கினர். வீட்டுப்பணிக்குச் செல்லும் ஏழைப் பெண்ணுக்கு அவ்வழி இருந்தும் இல்லாததாயிற்று.

2021ஆம் ஆண்டின் கதை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. மே 12ஆம் திகதி தொடக்கம் அமீரகம் இலங்கையிலிருந்து வருவோரைத் தடைசெய்தது. ஆகஸ்டு 5ஆம் திகதி தங்குரிமையாளருக்கு ஒரு சிறு வாயில் திறக்கப்பட்டது. நிபந்தனைகள் யாவை? தடுப்பூசி இரண்டும் அமீரகத்திலேயே போடப்பட்டு, 14 நாட்கள் கடந்திருத்தல் வேண்டும். டுபாயில் தங்குரிமை பெற்றவர் அங்குள்ள அலுவலகத்திடமும், ஏனைய அமீரகங்களைச் சேர்ந்தவர் கூட்டாட்சி அலுவலகத்திடமும் முன்னனுமதி பெறவேண்டும். புறப்படுவதற்கு முந்திய 48 மணித்தியாலத்துக்குள் பீ.சீ.ஆர். பரிசோதனை செய்திருத்தல் வேண்டும். விமானமேறுமுன் விமான நிலையத்திலே விரைவுப் பரிசோதனையும் வேண்டும். இலங்கையில் ஊசி போட்டுக்கொண்டவருக்கு இவ்வாயில் பயன்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஏற்ற எந்தத் தடுப்பூசியும் போதும் என்ற தளர்வு செப்டெம்பர் 12ஆம் திகதி வந்தபின்னரே, சினோபாம் ஊசி பெற்ற இலங்கையர் பலருக்கு வழி பிறந்தது.

கிளிநொச்சியிலிருந்து புறப்படும் ஒருவருக்கு இந்த 48 மணித்தியாலம் எவ்வாறு செலவாகும் என்று கணித்துப் பார்ப்போம். பரிசோதனை முடிவு கிடைக்க ஒரு நாள் செல்லுமெனக் கொண்டால், 24 மணித்தியாலம் கழிந்தது. கட்டுநாயக்காவுக்கு உள்ள தூரம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். அதற்கு ஏழு மணித்தியாலம். விமான நிலையத்தில் விரைவுப் பரிசோதனைக்கும் ஏனைய ஒழுங்குகளுக்கும் ஆறு மணித்தியாலம். எஞ்சுவன 11 மணித்தியாலமே. பரிசோதனைச்சாலையில் ஒரு தாமதம், வழியில் வாகனப் பழுது, விமான நேரத்தில் ஒரு மாற்றம் ஆகிய இவற்றுள் எது நேர்ந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். கொழும்பில் வசிப்பவருக்கும் கிளிநொச்சியில் வசிப்பவருக்கும் விதி ஒன்றே. அதன் சுமை ஒன்றன்று. போதாதற்கு, அமீரகம் வாயிலைத் திறந்து பதினைந்து நாட்களில், ஆகஸ்டு 20ஆம் திகதி, இலங்கையில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு ஆரம்பமாகி ஒற்றோபர் முதலாந் திகதி வரையும் நீடித்தது.

மேலைநாடுகளில் வேறுவகையான படிநிலை காணப்பட்டது. கனடாவில் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்கள் தடைக்குப் புறம்பானவர்கள். குடிமக்களின் நெருங்கிய குடும்பத்தினருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. மாணவருள், 2020 மார்ச்சு 18ஆம் திகதிக்கு முன் அனுமதி பெற்றவர் ஒரு வகையாகவும், பின் பெற்றவர் வேறு வகையாகவும் கருதப்பட்டனர். பின்னவர், ஒற்றோபர் 20ஆம் திகதிக்குப் பின்பு, ஏற்கப்பட்ட கல்வி நிலையங்களுக்கு மாத்திரம் செல்ல முடிந்தது. பிரித்தானியா 2021 யூன் 8ஆம் திகதி இலங்கையைச் சிவப்புப் பட்டியலிற் சேர்த்தது. அங்கே வதியும் உரிமையுள்ளவர் திரும்பலாம். ஆனால் குறித்த விடுதியிலே பத்து நாட்கள் தனித்திருந்து, முதலில் 1,750 பவுணும் ஆகஸ்டு 12ஆம் திகதியிலிருந்து 2,285 பவுணும் செலுத்தவேண்டும். சுற்றுலா வீசா மட்டும் உடையவருக்கு அந்த வழியும் இல்லை. செப்டெம்பர் 22ஆம் திகதியே இலங்கை அப்பட்டியலிலிருந்து நீங்கிற்று. அவுஸ்திரேலியாவோ மாணவர்க்கும் திறன்தொழிலாளர்க்கும் 2021 டிசம்பர் 15ஆம் திகதி வரையும் வாயிலைத் திறக்கவில்லை.

யப்பானின் முடிவு பலரையும் சிந்திக்கச் செய்தது. தடைப்பட்டியலிலுள்ள நாடுகளுக்கு 2020 ஏப்பிரில் 3ஆம் திகதிக்குப் பின் சென்ற வெளிநாட்டவர், நிரந்தர வதிவோராயினும், பொதுவாக மீள அனுமதிக்கப்படவில்லை. அதே விமானத்தில் அதே நாட்டிலிருந்து வந்த யப்பானியக் குடிமகன் பரிசோதனையின்பின் அனுமதிக்கப்பட்டான். செப்டெம்பர் மாதத்திலேயே இந்நிலை தளர்ந்தது. இருபது ஆண்டு ஒரு நாட்டில் வாழ்ந்து வரி செலுத்தியவருக்கு அந்நாடு "சொந்த நாடு" ஆகாதா? முற்கூறிய பொருத்தனையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு, "சொந்த நாடு" என்பது குடியுரிமையைவிட விரிந்த பொருளுடையது என்றும், நெடுங்காலம் வதிந்து நெருங்கிய பிணைப்புற்றோரையும் அது தழுவக்கூடும் என்றும் 1999இலேயே கருத்துரைத்துள்ளது. அக்கருத்து நாடுகளின் நடைமுறையில் இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை.

இலங்கையின் வாயிலையும் மறத்தலாகாது. சட்டப்படி திரும்பிவர உரிமையுள்ள இலங்கைக் குடிமக்களே, விமானமும் தனிமைப்படுத்தும் இடமும் போதாமையால், வெளிநாடுகளில் தமது முறைக்காகக் காத்திருந்தனர். வந்தவர்கள் இராணுவமும் விமானப்படையும் நடத்திய நிலையங்களிலே தங்கவைக்கப்பட்டனர். வவுனியாவிற் பம்பைமடு, பெரியகாடு ஆகிய இடங்களிலும், இரணைமடு, முல்லைத்தீவு விமானப்படை முகாம்களிலும் அத்தகைய நிலையங்கள் அமைந்தன. மற்றொரு சாராரும் இருந்தனர். வன்னியிற் பிறந்து, கனடாவிலோ பிரித்தானியாவிலோ குடியுரிமை பெற்று, இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியாது விட்டவர்கள் அவர்கள். பிறநாட்டுக் குடியுரிமையை ஏற்றதும் இலங்கைக் குடியுரிமை நீங்கிவிடுமாதலால், பிறந்த ஊரே அவர்களுக்கு வீசாவோடு நுழையும் அயல்நாடாயிற்று. 2021 சனவரி 21ஆம் திகதி உல்லாசப் பயணிகளுக்கு நாடு திறக்கப்படும்வரை, முல்லைத்தீவிலே தாய் இறந்த செய்தி கேட்டும் வந்து கொள்ளிவைக்க இயலாத பிள்ளைகள் பலர் இருந்தனர்.

அரசுகள் வாயிலை மூடியது தவறா? நோயைத் தடுப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயின் வரலாற்றில் அக்கடமை வேறொரு முறையில் ஆற்றப்பட்டமை கவனிக்கத்தக்கது. 1377ஆம் ஆண்டு, இன்று துபுரோவ்னிக்கு என வழங்கும் இரகூசா நகரம், கொள்ளைநோயுள்ள இடங்களிலிருந்து வந்தோரை முப்பது நாட்கள் ஒதுக்கிவைத்தது. பின்னர் நாற்பது நாட்கள் என்ற வழக்கம் வெனிசு நகரில் நிலைபெற்றது. நாற்பது என்ற பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்தே "குவாரன்ரீன்" என்ற பெயர் தோன்றியது. அம்முறையின் கருத்து யாதெனில், வந்தவனை ஒதுக்கிவை. நாள் முடிந்ததும் உள்ளே விடு என்பதாம். இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரும் மண்டபம் முகாமிலே தங்கிச் சோதிக்கப்பட்டபின் கடல் கடந்தனர். அம்முகாமின் கொடுமைகள் வேறு. ஆயினும் அங்கே நாள் எண்ணி முடிந்ததும் வழி திறந்தது. 2020இல் நிகழ்ந்ததோ, பல இடங்களில், நோயைப் பார்த்து ஒதுக்காமல் கடவுச்சீட்டைப் பார்த்து ஒதுக்கியதாகும். கிருமி கடவுச்சீட்டை வாசிப்பதில்லை. குடிமகனைத் தனிமைப்படுத்தி ஏற்க முடியுமாயின், அந்நாட்டுக்காக உழைக்கும் தங்குரிமையாளனையும் அவ்வாறே ஏற்றிருக்கலாம் என்பது நியாயமான வாதமேயாகும்.

நியாயம் கிட்டும்வரை குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உள. முதலாவதாக, வீட்டிலே ஒரு கொப்பியில் நான்கு திகதிகளை எழுதிவைத்தல் வேண்டும்: கடவுச்சீட்டு முடியும் திகதி, வீசா முடியும் திகதி, மீள்வருகை அனுமதி முடியும் திகதி, வெளியே தங்கக்கூடிய கடைசித் திகதி. கனடாவின் நிரந்தர வதிவோராயின், ஐந்தாண்டில் 730 நாட்கள் அங்கே வாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதையும் அதனோடு குறித்துக்கொள்ளலாம். இரண்டாவதாக, கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்குக் குறைந்த காலம் எஞ்சுவதற்கு முன்பே அதனைப் புதுப்பித்தல் நன்று. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரதேச அலுவலகம் வவுனியாவில் உள்ளதால் கொழும்புக்கு அலையவேண்டியதில்லை. மூன்றாவதாக, பயணத்தடை பற்றிய செய்தியைக் கேட்டால் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அதை வெளியிட்டது எந்த அலுவலகம்? எத்திகதியிலிருந்து நடைமுறை? குடிமகன், தங்குரிமையாளர், மாணவர், சுற்றுலாப் பயணி ஆகியோருள் யாரை அது குறிக்கின்றது? இம்மூன்றுக்கும் விடையில்லாத செய்தியை நம்பிப் பணம் செலுத்துதல் ஆகாது. "வாயில் திறந்துவிட்டது, ஆசனம் எடுத்துத் தருகிறேன்" என்று கூறும் தரகரிடத்தும் இவ்வினாக்களையே கேட்கவேண்டும்.

நான்காவதாக, இடையில் இறங்கி மாறும் நாட்டின் விதியையும் அறிதல் வேண்டும். சேரும் நாடு ஏற்றாலும், இடைவழி நாடு மறுத்தால் விமான நிறுவனம் பயணியை ஏற்றாது. ஐந்தாவதாக, தாமதத்துக்குரிய சான்றுகளை ஒன்றுகூட விடாமற் பேணுதல் வேண்டும். இரத்தான விமானச்சீட்டு, ஊரடங்கு அறிவித்தல், தொழில்தருநருக்கு எழுதிய கடிதம், தூதரகத்துக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டு ஆகியவையே பின்னர், "நான் என் விருப்பத்தினாற் பிந்தவில்லை" என்பதைக் காட்டும். நிறைவாக, வேலை ஒப்பந்தத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவுசெய்து செல்பவருக்கு, இடர்க்காலத்தில் முறையிட ஓரிடமாவது உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி கொவிட் தொடர்பான உலகளாவிய அவசரநிலை முடிந்ததென அறிவித்தது. தடைகளும் நீங்கின. ஆயினும் தடைவிதிக்கும் அதிகாரம் நீங்கவில்லை. வேறொரு நோயினாலோ யுத்தத்தினாலோ அது மீண்டும் எழலாம். அனுமதிச்சீட்டின் அருமையும் கொடுமையும் வன்னி மக்களுக்குப் புதியனவல்ல. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றவர்களும், 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது இருமருங்கும் பிரிந்துபோன குடும்பங்களும் இன்றும் இங்கே வாழ்கின்றனர். இசைவு வேறு, உரிமை வேறு என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர். அவ்வறிவை அயல்நாடு செல்லும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அலுமாரியிலுள்ள கடவுச்சீட்டோடு மேற்சொன்ன திகதிகள் எழுதிய கொப்பியையும் சேர்த்து வைப்பார்களாயின், அடுத்த முறை வாயில் மூடும்போது, எவ்வழியால் எவரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பதையாவது அவர்கள் முன்னரே அறிந்திருப்பர்.